32 ஆம்பியர் மாப்பிள்ளை

வா மாப்ளே, வா. மொகத்தைப் பாத்தாலே தெரியுது, ராத்திரியும் அந்தக் கார் சார்ஜர் பொட்டி செவப்பு லைட்டைப் போட்டுக்கிட்டு நின்னிருக்குதுன்னு. "லோ வோல்டேஜ்"ன்னு போன்ல சேதி வந்திருக்கும். நீயும் மொறை தவறாம மொதல்ல கரண்டு ஆபீசைத் திட்டியிருப்பே, அப்பறம் பொட்டி செஞ்ச கம்பெனிய, அப்பறம் அதைச் சுவத்துல மாட்டிக் குடுத்த பையனை. எல்லாருக்கும் பூசை ஆயிப்போச்சு. இன்னும் ஒருத்தரு பாக்கி. அவரைத் திட்டோணும்னா நீ கண்ணாடி முன்னால போய் நிக்கோணும்.

கோவிச்சுக்காதே, மோரு குடி. உங்கம்மா போன் பண்ணி, "தம்பி, பையன் கொஞ்ச நாளா ராத்திரியில கார் கொட்டாயிலயே நிக்கறான், சித்த என்னன்னு கேளு"ன்னா. புருசன் பொண்டாட்டிக்குள்ள ஏதோ மனத்தாங்கலாக்கும்னு நானும் வேட்டிய மாத்திக்கிட்டு பஞ்சாயத்துக்குக் கெளம்பினேன். கடைசீல பாத்தா வோல்ட்டுப் பஞ்சாயத்து. பரவால்ல, இது எனக்குத் தெரிஞ்ச சங்கதி. பைக்காராவுல 1932-ல கரண்டு எடுத்து கோயமுத்தூருக்குத் தாட்டி உட்ட நாள்ல இருந்து, நம்ம சீமையில மோட்டாரையும் வோல்ட்டையும் பத்திப் பேசாத திண்ணையே கெடையாது. ஸ்டார்ட்டர் போர்டுல முள்ளு எங்க நிக்குதுன்னு பாக்காம பச்சைப் பட்டனை அமுக்கற குடியானவன் இங்க ஒருத்தனும் இல்ல. நீதான் படிச்சவன். ஆப்பைப் பாத்துப்போட்டு ஆகாசத்தைப் பாக்கறே.

மொதல்ல அந்தப் பொட்டிய வையறதை நிறுத்து. தோட்டத்து மோட்டாரு இருக்குதே, அது வெகுளி. வோல்ட்டு கொறஞ்சா "நான் செய்யமாட்டேன்"னு சொல்லத் தெரியாது. அதே தண்ணிய எடுக்கறதுக்கு கரண்டை எச்சா இழுக்கும், காயிலு சூடாகும், வார்னிஷ் நாத்தம் வரும், அப்பறம் நீ அதைத் தோள்ல போட்டுக்கிட்டு ரீவைண்டிங் கடைக்குப் போகோணும். உன்ற பொட்டி அப்படியில்ல. "வர்றது பத்தல, நான் நிறுத்திக்கறேன்"னு மருவாதையா சொல்லிப்போட்டு நிக்குது. அது கெட்டுப் போனதுனால செவப்பு எரியல மாப்ளே, அது கெடாம இருக்கறதுனாலதான் எரியுது. உன்ற ஊட்டுல இன்னைக்குத் தேதிக்கு உள்ளதை உள்ளபடி சொல்றது அது ஒண்ணுதான்.

இன்னொண்ணும் தெரிஞ்சுக்க. சுவத்துல தொங்கற பொட்டிக்குள்ள சார்ஜ் ஏத்துற சோலியே நடக்கறதில்ல. அந்தச் சோலி நடக்கறது காருக்குள்ள. ஏசிய டிசியா மாத்தி பேட்டரிக்குக் குடுக்கற மிசின் அங்கதான் குந்தியிருக்குது. பொட்டி ஒரு சுவிச்சு, அவ்வளவுதான். கொஞ்சம் படிச்ச சுவிச்சு. அதுக்கும் காருக்கும் நடுவுல ஒரு சின்ன வயர்ல பேச்சுவார்த்தை ஓடிக்கிட்டே இருக்கும். செகண்டுக்கு ஆயிரம் தடவை எழுந்து உக்கார்ற ஒரு சிக்னல். ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் எழுந்து நிக்குதுங்கறதை வெச்சு, "எத்தனை ஆம்பியரு வரைக்கும் இழுக்கலாம்"ங்கறதை காரு புரிஞ்சுக்கும். நூத்துல 53 பங்கு நின்னா 32 ஆம்பியரு. 27 பங்கு நின்னா 16. பத்துப் பங்கு நின்னா 6, அதுதான் அடிமட்டம். இதை எதுக்குச் சொல்றேன்னா, எவ்வளவு இழுக்கறதுங்கறது சாமி எழுதின எழுத்து இல்ல. மாத்தக்கூடியது. ஞாபகத்துல வெச்சுக்க, பின்னால வேணும்.

சரி, சோதனைக்கு வருவோம். மொதக் கேள்வி: செவப்பு எரியறது பொட்டியிலயா, காருக்குள்ள டேஷ்போர்டுலயா? சிரிக்காதே. எலெக்ட்ரிக் காருக்குள்ள பெரிய பேட்டரிய உட்டுப்போட்டு 12 வோல்ட்டுல ஒரு சின்ன பேட்டரியும் இருக்குது. பூட்டு, லைட்டு, கம்ப்யூட்டரு எல்லாம் அதுலதான் பொழைக்குது. அது எறங்கிப் போனாலும் வண்டி "பேட்டரி வோல்ட்டேஜ் கம்மி"ன்னு கத்தும், சமயத்துல சார்ஜும் ஏறாது. அதுக்கும் கம்பத்துக்கும் ஒரு ஒறவும் கெடையாது. 12 வோல்ட்டு செத்துப் போனதுக்கு லைன்மேனைக் கம்பத்துல ஏத்தி எறக்கினா, அந்த மனுசன் அப்பறம் உன்ற ஊட்டுப் பக்கமே திரும்பமாட்டாரு. உனக்கு எரிஞ்சது பொட்டியில. சரி, மேல போவோம்.

ரண்டாவது கேள்வி: சார்ஜ் ஏர்றப்ப ஊட்டுக்குள்ள லைட்டெல்லாம் எப்படி எரியுது? எல்லா ரூமுலயும் கொஞ்சம் மங்குதா? அது ஒரு சாதி. ஒரு ரூமுல மங்கி, இன்னொரு ரூமுல கண்ணைக் குத்தற மாதிரி பளீர்னு எரியுதா? அது வேற சாதி. அப்படி எரிஞ்சா என்றகிட்ட வந்து மோரு குடிச்சுக்கிட்டு நிக்காதே, ஓடிப் போய் மெயினை ஆப் பண்ணு. உன்றது மூணு பேஸ் சர்வீஸு. நியூட்ரல் எங்கியோ உட்டுப் போச்சுன்னா பேஸுக்குப் பேஸ் பங்கீடு கெட்டுப் போகும். பாரம் எச்சா இருக்கற பேஸுல வோல்ட்டு எறங்கும், பாரம் இல்லாத பேஸுல 300-க்கு மேலயும் ஏறும். எறங்கின பக்கம் இருக்கற உன்ற சார்ஜரு "லோ வோல்டேஜ்"ன்னு நின்னு தப்பிச்சுக்கும். ஏறின பக்கம் இருக்கற டிவியும் பிரிட்ஜும் புகையும். அதுக்கு வைத்தியம் லைன்மேனும் வயர்மேனும்தான், நீயும் நானும் இல்ல.

அந்தச் சங்கதி இல்லைங்கறயா? நல்லது. நேத்துப் பொழுதோட சர்டிபிகேட்டு வெச்சிருக்கற வயர்மேனைக் கூட்டியாந்து அளந்து பாக்கச் சொன்னனே, அவரு எழுதிக் குடுத்த சீட்டு எங்க? குடு. ம்ம். "பாருங்க மாமா, மீட்டர்ல 228, மெயின் போர்டுல 228, சார்ஜர்ல 228. எங்க ஊட்டு வயரு சுத்தம்"னு படிச்சயே, கீழ இருக்கற வரிய எதுக்குடா உட்டே? மேல்வரி சார்ஜரு ஓடாதப்ப அளந்தது. கீழ்வரி ஓடறப்ப அளந்தது. அதையும் நானே படிக்கறேன்: மீட்டர்ல 214, மெயின் போர்டுல 211, சார்ஜர்ல 186.

மேல்வரிய வெச்சு நாயம் பேசறவன் நீ மட்டும் இல்ல, பாதி ஊரு அப்படித்தான். தோட்டத்துக் கோடியில தண்ணிக் கொழாய மூடி வெச்சுக்கிட்டு பிரஷர் பாத்தா, அரை இஞ்சு பைப்பா இருந்தாலும் முழு பிரஷர்தான் காட்டும். தெறந்து உட்டா அல்லவா தெரியும், பைப்பு எங்க சின்னது, எங்க அடைப்புன்னு. வோல்ட்டும் அதே கதை. கரண்டு ஓடாத வயர்ல வோல்ட்டு தொலையாது. ஓடற கரண்டு எத்தனை ஆம்பியரோ, அதை வயரோட ரெசிஸ்டன்ஸால பெருக்கு, அத்தனை வோல்ட்டு வழியிலயே காணாமப் போகும். அதனால கொறை வோல்ட்டு எப்பவும் வந்து சேர்றது இல்ல மாப்ளே. பாதி நேரம் நாம வரவெக்கறது.

உன்ற பொட்டி பண்ற கூத்தைக் கவனிச்சிருப்பே. சார்ஜ் போடறே, கொஞ்ச நேரம் ஏறுது, "டக்"னு நிக்குது. சித்த நேரம் கழிச்சு தானா மறுக்கா ஏறுது, மறுக்கா "டக்". இழுக்கறப்ப வோல்ட்டு படுக்குது, பொட்டி உட்டுடுது. உட்டதும் வோல்ட்டு எழுந்திருக்குது, பொட்டி நம்பி மறுக்கா இழுக்குது. ராத்திரி பூரா இந்தக் கூத்து நடந்தா, குத்தம் வழியில இருக்குதுன்னு அர்த்தம். இழுத்தாலும் இழுக்காட்டியும் வோல்ட்டு மீட்டர்லயே படுத்துக் கெடந்தா அது ஊர்க் குத்தம். எந்த எண்ணுல நிறுத்தோணுங்கறது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உன்றதுக்கு 190-ன்னு பொஸ்தகத்துல போட்டிருக்குது. பொஸ்தகம் இன்னும் பிளாஸ்டிக் கவரு பிரிக்காம இருந்துது, நான்தான் பிரிச்சேன்.

இப்பக் கணக்குப் போடு. 228-ல இருந்து 186. மொத்தம் 42 வோல்ட்டு களவு. இதுல வெளியில இருந்து மீட்டரு வரைக்கும் போனது 14. மீட்டர்ல இருந்து மெயின் போர்டு வரைக்கும் 3. மெயின் போர்டுல இருந்து கார் கொட்டாய் வரைக்கும் 25. பாதிக்கு மேல உன்ற காம்பவுண்டுக்குள்ளதான் போயிருக்குது. நீ திட்டினது பூரா காம்பவுண்டுக்கு வெளியில இருக்கறவிங்களை.

அந்த 25 எங்க போச்சு? மெயின் போர்டுல இருந்து கொட்டாய்க்கு 40 மீட்டரு. கரண்டு போயிட்டுத் திரும்பி வரோணுமில்ல, ஆகவே 80 மீட்டரு செம்பு. நீ இழுத்திருக்கறது 2.5 ஸ்கொயர் எம்.எம். வயரு. அதுக்கு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 8 ஓம். 80 மீட்டருக்கு 0.64. 32 ஆம்பியரால பெருக்கினா 20 வோல்ட்டு. அந்த வோல்ட்டு சும்மா போகல. 650 வாட்டு சூடா மாறி பைப்புக்குள்ள வயரைக் காய்ச்சிக்கிட்டு இருக்குது. அந்த வயரு 32 ஆம்பியரை மணிக்கணக்குல தாங்கறதுக்கே ஆனது இல்ல. 6 போட்டிருந்தா 8 வோல்ட்டு போயிருக்கும். 10 போட்டிருந்தா 5 வோல்ட்டு. நூத்துக்கு மூணுக்கு மேல வயர்ல தொலையக் கூடாதுன்னு வெச்சுக்க, 230-க்கு அது 7 வோல்ட்டு. அப்ப உன்ற தூரத்துக்கு 10 ஸ்கொயர்தான் கணக்கு. "மாமா, வயரு வெலை எச்சா இருந்துது"ன்னு சொல்லாதே. பல லட்சம் குடுத்து காரு, அதுக்கு சீட்டு கவரு, ஸ்டியரிங்குக்கு உறை, பின்னாடி கண்ணாடியில குலதெய்வம் ஸ்டிக்கரு, எல்லாத்துக்கும் காசு இருந்துது. கண்ணுக்குத் தெரியாம பைப்புக்குள்ள போற வயருக்கு மட்டும் சிக்கனம் வந்துபோச்சு.

வயரு தின்னது 20. மிச்சம் 5? அது திருகாணியில. கொட்டாய்ல இருக்கற ஐசோலேட்டரைக் கழட்டிப் பாக்கச் சொல்லு. வயரோட முனைக்கு லக்ஸ் போடாம, பிரியை முறுக்கி அப்படியே சொருகி வெச்சிருப்பான். மேல இருக்கற திருகாணி அரைச் சுத்து லூசா இருக்கும். ஒரு ஜாயின்ட்டுல ஓமுல பத்துல ஒரு பங்கு ரெசிஸ்டன்ஸ் இருந்தாலே 32 ஆம்பியருக்கு 3 வோல்ட்டு போகும். போறது 3 வோல்ட்டுதானேன்னு நெனைக்காதே. ஒரு திருகாணிக்கு அடியில 100 வாட்டு சூடு. பிளாஸ்டிக்கு மொதல்ல மஞ்சளாகும், அப்பறம் பழுப்பாகும், அப்பறம் உருகும். அதுக்கப்பறம் நடக்கறதை பேப்பர்ல படிக்கலாம். மெயினை ஆப் பண்ணிப்போட்டு வயர்மேன் ஒவ்வொரு திருகாணியா முறுக்கட்டும். கருகின முனைய வெட்டிப்போட்டு லக்ஸ் வெச்சு அமுக்கட்டும். இந்த வேலைக்குப் புது சார்ஜரும் வேண்டாம், மந்திரிகிட்ட மனுவும் வேண்டாம், ஒரு திருப்புளி போதும்.

உன்ற சகலைகிட்டயும் சொல்லு. அவனுது சின்ன சார்ஜரு, காரோட குடுத்த 15 ஆம்பியர் பிளக்கு. அதுல பெருமை பேசிக்கிட்டிருக்கான். மூணு கிலோவாட்டுக்கு மேல எட்டு மணி நேரம் நிக்காம ஓடறது சாதாரண சாக்கெட்டுக்குக் கஷ்டம். உள்ள இருக்கற பித்தளைப் பத்தை சூட்டுல தளர்ந்து பிடிப்பு உட்டுடும். அரை மணி நேரம் ஓடினப்பறம் சுவிச்சை ஆப் பண்ணிப்போட்டு பிளக்கைத் தொட்டுப் பாக்கச் சொல்லு. கை வெக்க முடியலைன்னா சாக்கெட்டை மாத்தோணும். நோம்பிக்கு சீரியல் செட்டுப் போடற எக்ஸ்டென்சன் பொட்டியில காரைச் சொருகறவனை நான் என்ற சொந்தம்னு வெளியில சொல்லிக்கமாட்டேன்.

இனி மீட்டருக்கு வெளியில போன 14 வோல்ட்டு. இதுல உனக்குக் கொஞ்சம் நாயம் இருக்குது, இல்லைங்கல. ஆனா பேசத் தெரிஞ்சு பேசோணும். வழக்கமா டிரான்ஸ்பார்மரு 11,000 வோல்ட்டையோ 22,000 வோல்ட்டையோ வாங்கி 433-ஆ எறக்கும். ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல 250. லைன்ல கொஞ்சம் தொலையும்னு தெரிஞ்சேதான் அப்படி ஒசத்தி வெச்சிருக்குது. ஊட்டுக்கு வரவேண்டியது 230, நூத்துக்கு ஆறு கூடலாம், ஆறு கொறையலாம். அதாவது கீழ 216 வரைக்கும். உன்ற மீட்டர்ல 32 ஆம்பியரு இழுக்கறப்ப 214. ரண்டு வோல்ட்டுதான் தகராறு. இதுக்கா அந்த வசவு?

வெளியில போனதுலயும் எது எங்கங்கறதைப் பிரிச்சுப் பாக்கலாம். பக்கத்து ஊட்டுல அதே பேஸுல லைட்டு மங்குதான்னு கேளு. தெருவே மங்கினா குத்தம் லைன்லயோ டிரான்ஸ்பார்மர்லயோ. நீ மட்டும் மங்கினா சர்வீஸ் வயர்லயோ, கம்பத்துல அதைக் கட்டியிருக்கற எடத்துலயோ. அலுமினியத்தையும் செம்பையும் வெறுமனே முறுக்கி உட்டிருந்தா, வருசம் போகப் போக நடுவுல களிம்பு புடிச்சு பிடிப்புப் போயிரும். இன்னொரு சூட்சுமம் இருக்குது. சார்ஜரு ஓடறப்ப மெயின் போர்டுல நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல வயர்மேனை அளக்கச் சொல்லு. அந்தப் போர்டு வரைக்கும் தொலைஞ்சது 17 வோல்ட்டு. போற வழியில பாதி, திரும்பற வழியில பாதின்னா அங்க 8 பக்கம் காட்டோணும். சீட்டுல 8-ன்னுதான் எழுதியிருக்குது. அதுவே 14, 15-ன்னு காட்டியிருந்தா நியூட்ரல் ஜாயின்ட்டு எங்கியோ செத்துக்கிட்டு இருக்குதுன்னு அர்த்தம். அப்ப லைன்மேன்கிட்ட "வோல்ட்டு வரலைங்க"ன்னு பொதுவா ஒப்பாரி வெக்காம, "நியூட்ரலைச் சித்த பாருங்க"ன்னு சொன்னா ஒரே ஏத்தத்துல வேலை முடியும்.

இப்ப ஒரு கசப்பான சங்கதி சொல்லட்டுமா? நம்ம முக்குல நிக்கறது 63 கேவிஏ டிரான்ஸ்பார்மரு. ஒரு பேஸுக்கு அது குடுக்கறது 84 ஆம்பியரு. அந்தப் பேஸுல எத்தனை ஊடு, எத்தனை கிரைண்டரு, எத்தனை மிக்சி, எத்தனை ஏசி இருக்குதுன்னு நீயே எண்ணிக்க. எல்லாத்துக்கும் சேத்து 84, அதுல நீ ஒருத்தன் மட்டும் 32. பொழுதோட ஏழு மணிக்கு நீ வந்து பிளக்கைச் சொருகினதும் மூணாவது ஊட்டு ஆயா சீரியல் பாக்கற டிவி கண்ணைச் சிமிட்டுது. அந்த ஆயா யாரைத் திட்டறாங்கன்னு உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், பேரு வெச்சே திட்டறாங்க. நம்ம தோட்டத்துப் பக்கமும் சிலபேரு இருக்கறாங்க, மூணு பேஸ் வராத நேரத்துல கண்டென்சரைப் போட்டு ரண்டு பேஸுல மோட்டாரை உருட்டறவிங்க. அதுவும் வோல்ட்டைத் தின்னும். யாருன்னு கேக்காதே, ஒறம்பரை வந்து போற எடம்.

அதனால வெளிக் குத்தத்தைச் சொல்லப் போறப்ப வெறுங்கையோட போகாதே. கேலண்டர் அட்டையில ஒரு வாரத்துக்கு எழுது: என்ன நேரம், சும்மா இருக்கறப்ப எத்தனை, இழுக்கறப்ப எத்தனை. அதோட போனா ஆபீசுல உக்காந்திருக்கறவரும் நிமிந்து பாப்பாரு. மின்வாரியத்தோட பொகாரு மையம் மின்னகத்துக்கு 94987 94987-ல கூப்புட்டும் பதிவு பண்ணலாம், 2021-ல இருந்து நடக்குது. பாரம் கொறைஞ்ச பேஸுக்கு உன்ற சர்வீஸை மாத்திக் கட்டலாமான்னு கேளு. டிரான்ஸ்பார்மர்ல டேப் இருந்தா ஒரு படி ஏத்தலாமான்னு கேளு. ஆனா ஒண்ணு, அவரு திருப்பி ஒரு கேள்வி கேப்பாரு: "உங்க சர்வீஸுக்கு எத்தனை கிலோவாட்டுங்க எழுதிக் குடுத்திருக்கீங்க?" சார்ஜரு மட்டும் ஏழு கிலோவாட்டுக்கு மேல. லோடு கூட்டி எழுதிக் குடுக்காம போய் நாயம் கேட்டீன்னா, பஞ்சாயத்து உன்ற பக்கம் திரும்பிக்கும்.

உனக்கு யோசனை சொல்றதுக்கு டீக்கடையில நெம்பப் பேரு இருக்கறாங்க, எனக்குத் தெரியும். ஒருத்தன் "பெரிய ஸ்டெபிலைசரு வெச்சுடுங்க"ன்னு சொல்லியிருப்பான். ஸ்டெபிலைசரு எங்கிருந்து வோல்ட்டைக் கொண்டாரும்? அதுக்குள்ள கெணறா வெட்டியிருக்குது? 180 வோல்ட்டு வாங்கி 230-ஆ 32 ஆம்பியரு குடுக்கோணும்னா, அது லைன்ல இருந்து 41 ஆம்பியரு இழுக்கோணும். ஏற்கெனவே படுத்துக் கெடக்கற வயர்ல இன்னும் ஒம்பது ஆம்பியரு எச்சா. வயரு இன்னும் சூடாகும், வோல்ட்டு இன்னும் எறங்கும், ஆயாவோட சீரியல் சுத்தமா நின்னு போகும்.

இன்னொருத்தன் "பொட்டியில அந்த வோல்ட்டு லிமிட்டை எறக்கி வெச்சுடலாம்"னு சொல்லியிருப்பான். செவப்பு லைட்டு நிக்கும், நெசந்தான். திருகாணிக்கு அடியில 100 வாட்டு நிக்குமா? குத்தம் அப்படியே இருக்கும், சொல்றதுக்குத்தான் ஆளு இருக்காது.

மூணாவது ஒரு யோசனை உனக்கே வந்திருக்கும். என்ற தோட்டத்து மோட்டாரு ரூமைச் சாடையாப் பாத்துக்கிட்டு இருந்தயே, கவனிச்சேன். "மாமனுக்கு எலவச கரண்டு, மூணு பேஸு..." அந்த ஆசைய இங்கியே உட்டுடு. வெவசாயத்துக்குக் குடுத்த சர்வீஸ்ல காருக்குச் சார்ஜ் போட்டா, 2003-ஆம் வருசத்துச் சட்டத்துல 126-ஆம் பிரிவு காத்துக்கிட்டு இருக்குது. உரிய ரேட்டுக்கு ரண்டு பங்கு போட்டுத் தீட்டுவாங்க. பில்லு என்ற பேருக்கு வரும், காரு உன்ற பேருல ஓடும். அக்கா மவனா இருந்தாலும் அந்த அளவுக்குப் பாசம் இல்ல.

இப்ப என்ற வைத்தியத்தைக் கேளு. திருப்பூருக்குப் போக வர 60 கிலோமீட்டரு ஓட்டறே. உன்ற வண்டிக்குக் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 150 வாட்-அவர். 60 கிலோமீட்டருக்கு 9 யூனிட்டு, வழியில வீணாகறதையும் சேத்து 10 யூனிட்டுன்னு வெச்சுக்க. அதுக்கு எதுக்குடா 32 ஆம்பியரு? வண்டி பொழுதோட ஏழு மணிக்கு நிக்குது, வெடியால ஏழு மணிக்குக் கெளம்புது. நடுவுல அது யாரோட ஊட்டுக்கு விருந்துக்குப் போகுது?

ஆப்பைத் தெற. இல்லாட்டி பொட்டிக்குள்ள இருக்கற சின்ன சுவிச்சை வயர்மேன் மாத்தட்டும். சில கார்ல டேஷ்போர்டுலயே வழி இருக்கும். 32-ஐ 10-ஆ வெய்யி. நான் முந்தியே சொன்னனே, சிக்னலு எழுந்து நிக்கற நேரத்தைச் சுருக்கறது, அவ்வளவுதான். 32 ஆம்பியருக்கு 42 வோல்ட்டு தொலைஞ்சுதுன்னா 10 ஆம்பியருக்கு 13 வோல்ட்டுதான் தொலையும். சார்ஜர்ல 215 நிக்கும். செவப்பு எரியறதுக்கு அதுக்கு ஒரு நாயமும் இருக்காது. 2 கிலோவாட்டுக்கு மேல கெடைக்கும், அஞ்சு மணி நேரத்துல உன்ற 10 யூனிட்டு ஏறிப்போகும். ராத்திரி பதினோரு மணிக்கு மேல ஓடற மாதிரி டைமரு வெய்யி. அப்ப ஊரே படுத்திருக்கும், லைன்ல வோல்ட்டும் தெம்பா இருக்கும். உன்ற ஊட்டு போர்வெல் மோட்டாரையும் கீசரையும் அந்த நேரத்துல போடாம இருந்தாப் போதும். மோட்டாரு எடுக்கற அந்த ஒரு நொடியில அஞ்சாறு மடங்கு கரண்டை உறிஞ்சும், பொட்டி மெரண்டு போயிரும்.

அதுக்காக அந்த 2.5 வயரை அப்படியே வெச்சுக்கலாம்னு கணக்குப் போடாதே, உன்ற கண்ணு பளபளங்கறது தெரியுது. 10 ஆம்பியருங்கறது இன்னைக்கு ராத்திரிக்கு. திருகாணி வேலைய நாளைக்கே முடி. வர்ற மாசச் சம்பளத்துல 10 ஸ்கொயர் வயரு இழு. அப்பறம் 32-க்கே ஏத்தினாலும் வயர்ல 5, மீட்டருக்கும் போர்டுக்கும் நடுவுல 3, வெளியில 14, மொத்தம் 22 வோல்ட்டுதான் போகும். சார்ஜர்ல 206 நிக்கும், பொட்டி சந்தோசமா ஓடும். எப்பவாவது மெட்ராஸ் போறதுக்கு முந்துன நாளு அவசரம்னா அந்த 32 உனக்கு இருக்கட்டும். தெனமும் ஆபீசுக்குப் போறதுக்கு வேண்டாம்.

வெலை ஒசந்த காரு வாங்கினவனுக்கு 10 ஆம்பியர்ல சார்ஜ் போடறது கௌரவக் கொறைச்சலாத்தான் இருக்கும், புரியுது. ஆப்புல வர்ற எண்ணை யாருக்கும் காட்டாம இரு, ஒருத்தருக்கும் தெரியாது. மொதல்ல போய் அந்த 32-ஐ 10-ஆ எறக்கு, சீட்டை எடுத்துக்கிட்டு வயர்மேனைக் கூப்புடு. வேலை முடிஞ்சப்பறமும் செவப்பு எரிஞ்சா வா, யாரைத் திட்டறதுன்னு ரண்டு பேரும் சேந்தே முடிவு பண்ணலாம். நல்லா வையறதுக்கு எனக்கும் ஆளு கெடைச்சு நெம்ப நாளாச்சு.